மனை வாங்கப் போகிறீர்களா? கிரயப் பத்திரம் முதல் பட்டா மாறுதல் வரை

தமிழ்நாட்டில் முதன்முறையாக மனையோ வீடோ வாங்குபவர்கள் பலர், சார்பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்திடும் நாளோடு எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்து, மற்ற வேலைகளைத் தரகரிடம் விட்டுவிடுகிறார்கள். சார்பதிவாளர் ஆவணத்தைப் பதிவு செய்கிறாரே தவிர, விற்பவருக்கு அந்தச் சொத்தில் குறையற்ற உரிமை இருக்கிறது என்று உத்தரவாதம் தருவதில்லை. அதைச் சோதித்துக்கொள்வது வாங்குபவரின் பொறுப்பு என்பதால், இந்த விளக்கத்தில் பதிவுக்கு முந்தைய படிகளுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

படி 1: மூலப் பத்திரங்களைப் படியுங்கள்

விற்பவருக்குச் சொத்து எப்படி வந்தது, அவருக்கு விற்றவருக்கு எப்படி வந்தது என்று பின்னோக்கிக் குறைந்தது 30 ஆண்டுகளுக்காவது பத்திரங்களைக் கோர்த்துப் பார்க்க வேண்டும். நகலைப் பார்த்துத் திருப்தி அடையாமல் அசலைக் கேளுங்கள். அசல் கையில் இல்லையென்றால் அது வங்கியில் அடமானமாக இருக்கக்கூடும். பூர்வீகச் சொத்தாக இருந்தால் வாரிசுச் சான்றிதழை வாங்கி, அதிலுள்ள ஒவ்வொருவரும் கையெழுத்திடுகிறார்களா என்று சரிபாருங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்தின்படி கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமை உண்டு. “தங்கைக்குச் சீர் செய்தாயிற்று, அவள் கையெழுத்து எதற்கு” என்று அண்ணன் சொல்வதை நம்பி வாங்கியவர்கள்தான் பிறகு நீதிமன்றத்துக்கு அலைகிறார்கள்.

படி 2: வில்லங்கச் சான்று

பதிவுத் துறையின் இணையதளத்தில் சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், புல எண், உட்பிரிவு எண் ஆகியவற்றைக் கொடுத்தால் வில்லங்க விவரங்களைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். விற்பனை, தானம், அடமானம் என அந்தச் சொத்தின் மீது பதிவான ஆவணங்கள் அதில் வரிசையாக வரும். அடமானம் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணமும் பின்னால் பதிவாகியிருக்க வேண்டும்.

ஆனால் பதிவானவை மட்டுமே வில்லங்கச் சான்றில் தெரியும். உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. வாய்மொழியாகச் செய்துகொண்ட பாகப் பிரிவினையும் பெரும்பாலான வழக்குகளும் அதில் ஏறுவதில்லை. அதனால் பக்கத்து மனைக்காரர்களிடம் ஒரு நடை போய் விசாரிப்பதையும், சொத்து விவகாரங்களில் பழக்கமுள்ள ஒரு வழக்கறிஞரிடம் சட்டக் கருத்துரை வாங்குவதையும் வீண் செலவாக நான் கருதமாட்டேன்.

படி 3: வருவாய்த் துறைப் பதிவேடுகளும் நேரடி அளவும்

பட்டா, புல வரைபடம், பத்திரம் மூன்றிலும் புல எண்ணும் பரப்பளவும் ஒத்திருக்க வேண்டும். ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, நாடாவைப் பிடித்து நீங்களே அளந்து பாருங்கள். பட்டா வருவாய்த் துறையின் ஆவணமே. அது மட்டும் உரிமையை நிலைநாட்டிவிடாது. மனைப் பிரிவாக இருந்தால் சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் உண்டா என்றும் பாருங்கள்.

படி 4: கிரய ஒப்பந்தம்

முன்பணம், மொத்த விலை, மீதியைக் கொடுக்க வேண்டிய காலக்கெடு ஆகியவற்றை எழுதி ஒப்பந்தத்தையும் பதிவு செய்துகொள்ளுங்கள். ரூ. 20,000 அல்லது அதற்கு மேற்பட்ட முன்பணத்தை ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் தடை விதிப்பதால் வங்கி வழியாகவே கொடுங்கள். விலை ரூ. 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால், 1 சதவீதத்தைப் பிடித்தம் செய்து விற்பவரின் பெயரில் வருமான வரியாகச் செலுத்துவது வாங்குபவரின் கடமை. விற்பவர் வெளிநாடுவாழ் இந்தியராக இருந்தால் பிடித்தம் செய்யும் விதிகளே வேறு, விகிதமும் அதிகம். அங்கே தணிக்கையாளரைக் கேட்காமல் நகராதீர்கள்.

படி 5: பத்திரமும் பதிவும்

கிரயப் பத்திரத்தில் நான்கு எல்லைகள், அளவு, முந்தைய பத்திரத்தின் எண், பணம் கொடுத்த விவரம் ஆகியவற்றை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். ஒரு புல எண் தவறினால் பிறகு பிழைதிருத்தல் பத்திரத்துக்கு விற்றவரையே தேடிப் போக வேண்டியிருக்கும். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். விலை, அந்த இடத்துக்கு அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதன் மீது கணக்கிடப்படும். ரூ. 40 லட்சம் என்றால் ரூ. 3,60,000 ஆகும். பெண்கள் பெயரில் வாங்கும் ரூ. 10 லட்சம் வரையிலான சொத்துகளுக்கு 2025 ஏப்ரல் 1 முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதச் சலுகை உண்டு.

முன்பதிவு செய்த நாளில் இரு தரப்பினரும் இரண்டு சாட்சிகளுடன் அடையாள ஆவணங்களை எடுத்துச் செல்ல வேண்டும். புகைப்படம், கைரேகை எடுத்து முடிந்ததும் ஆவண எண் கிடைக்கும். எழுதிக் கையெழுத்திட்ட பத்திரத்தை 4 மாதங்களுக்குள் பதிவுக்குத் தாக்கல் செய்தாக வேண்டும். பவர் பத்திரத்தை (உரிமையாளர் சார்பில் சொத்தைக் கையாள அதிகாரம் தரும் ஆவணம்) மட்டும் வாங்கிக்கொண்டு சொத்து தமதாகிவிட்டது என்று இருப்பவர்கள், அதனால் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தெளிவாகச் சொல்லிவிட்டதை அறிந்திருக்க வேண்டும்.

படி 6: பட்டா மாறுதல்

தாத்தா பெயரிலேயே பட்டா நிற்கும் குடும்பங்கள் எந்த ஊரிலும் உண்டு. பேரன் விற்கப் போகும்போதுதான் அது சிக்கலாகிறது. உட்பிரிவு தேவையில்லாத முழுப் புலமாக இருந்தால் பெயர் மாற்றம் எளிதாக நடந்துவிடும். ஒரு பகுதியை மட்டும் வாங்கியிருந்தால் நில அளவர் வந்து அளந்து புதிய உட்பிரிவு எண் கொடுத்த பிறகே பட்டா வரும் என்பதால், அளக்க வரும் நாளில் நீங்களும் அங்கே நில்லுங்கள். சொத்து வரியையும் மின் இணைப்பையும் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டு, சில வாரங்கள் கழித்து வில்லங்க விவரத்தை மறுபடி எடுத்து, உங்கள் பெயரும் ஆவண எண்ணும் பிழையின்றி ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள்.