கேவெண்டிஷின் கடைசி 200 மீட்டரைப் பார்ப்பது எப்படி

சைக்கிள் பந்தயத்தின் கடைசி நிமிடம் முதலில் வெறும் கூட்டமாகத்தான் தெரியும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. மார்க் கேவெண்டிஷிடமிருந்து தொடங்குங்கள். கடைசி நேர வேக ஓட்டத்தில் ஜெயிக்கும் வீரர். பல நாள் நடக்கும் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் ஒவ்வொரு நாள் ஓட்டமும் ஒரு கட்டம்; அதில் பழைய சாம்பியன் எடி மெர்க்ஸின் 34 கட்ட வெற்றிகளைத் தாண்டி 35-வதை எடுத்தவர்.

முதலில் 2009 டூரின் வீடியோக்கள். அந்த வருடம் மட்டும் ஆறு வெற்றி. கடைசி சில கிலோமீட்டரில் அவரைப் பார்க்காதீர்கள். அவருக்கு முன்னால் வரிசையாகப் போகும் அணித்தோழர்களைப் பாருங்கள். ஒவ்வொருவராக முன்னால் போய் அவருக்காக எதிர்க்காற்றைத் தாங்கிக்கொண்டு, தெம்பு தீர்ந்ததும் ஒதுங்குவார்கள். கடைசி ஆள் மார்க் ரென்ஷா. அவர் வழிவிடும் இடத்தில் படத்தை நிறுத்துங்கள். கேவெண்டிஷின் முழங்கை மடிந்திருக்கும், முதுகு தட்டையாக இருக்கும், மூக்கு கிட்டத்தட்ட முன்சக்கரத்துக்கு மேலே இருக்கும். காற்றுக்கு அவர் கொடுக்கும் இடம் அவ்வளவுதான். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

அப்புறம் 2024 ஜூலை 3, பிரான்ஸில் சான்-வுல்பாஸ் என்ற ஊர். அந்த 35-வது வெற்றி இங்கேதான். வயது 39. முந்தைய வருடம் விழுந்து காரை எலும்பு முறிந்தவர். நான்கு நாள் முன்புதான் வெயிலில் சைக்கிள் மேலேயே வாந்தி எடுத்தார். இங்கே ஒருவர் பின்னாலிருந்து இன்னொருவர் பின்னால் மாறி மாறி, தானே வழி கண்டுபிடித்து வருகிறார். சத்தத்தை அணைத்துவிட்டு, அவர் எப்போது இடம் மாறுகிறார் என்று மட்டும் பாருங்கள்.