முதல் பழைய பேஸ்பால் கார்டு செட்: எந்த ஆண்டில் கை வைக்கலாம்?

பழைய பேஸ்பால் கார்டு (ஆட்டக்காரரின் படம் அச்சிட்டுப் பாக்கெட்டில் விற்ற அட்டை) என்றாலே, டாப்ஸ் நிறுவனம் 1952-இல் வெளியிட்ட மிக்கி மேன்ட்டில் என்ற ஆட்டக்காரரின் கார்டைப் பற்றித்தான் பேச்சு. 2022-இல் அதில் ஒரே ஒரு பிரதி 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது. அதை விட்டுவிடுவோம். மாதாமாதம் கொஞ்சம் பணம் ஒதுக்கி, கடைசி கார்டு வரை சேர்த்து முடிக்கக்கூடிய செட்தான் (ஒரே ஆண்டில் வெளியான, எண்ணிட்ட கார்டுகளின் முழு வரிசை) புதியவருக்குச் சரி.

1. முட்டுக்கட்டை எங்கே என்று பாருங்கள்

1967 டாப்ஸ் செட்டில் 609 கார்டுகள், 1976-இல் 660. முதலாவது சுலபம் என்று தோன்றும். உண்மையில் அதுதான் ஆளைக் கவிழ்க்கும். 1973 வரை டாப்ஸ் கார்டுகள் சீரிஸ் சீரிஸாக, வசந்தம் தொடங்கிக் கோடை முழுக்க வெளிவந்தன. கடைசி சீரிஸ் கடைக்கு வரும்போது பிள்ளைகளின் கவனம் அமெரிக்கன் ஃபுட்பாலுக்குத் தாவியிருக்கும். கடைக்காரரும் குறைவாகவே வாங்குவார். செட்டின் கடைசி எண்களைக் கொண்ட அந்த 'ஹை நம்பர்' கார்டுகள் இன்றும் அரிது. 1967-இல் டாம் சீவர், ராட் கெரூ இருவரின் ரூக்கி கார்டுகளும் (ஓர் ஆட்டக்காரரின் முதல் கார்டு) அந்தக் கடைசி சீரிஸில்தான் இருக்கின்றன. அரிதும் அதுவே, ஆசையும் அதுவே என்றால் விலை என்ன ஆகும்?

1974 முதல் டாப்ஸ் 660 கார்டுகளையும் ஒரே தடவையில் வெளியிட்டது. 132 கார்டு கொண்ட தாள்கள் ஐந்து, கணக்கு முடிந்தது. அதனால் எந்தச் செட்டை நினைத்தாலும், முதலில் அதன் விலை உயர்ந்த நான்கு கார்டுகள் சமீபத்தில் என்ன விலைக்கு விற்றன என்று பாருங்கள். விற்பவர் போட்டிருக்கும் விலை அல்ல, விற்று முடிந்த விலை. நான்கையும் கூட்டியதும் வயிற்றைக் கலக்கினால் அந்த ஆண்டு உங்களுக்கு வேண்டாம்.

2. ஆண்டைத் தேர்ந்தெடுங்கள்

அழகென்றால் 1975. இரட்டை நிற ஓரம், பார்த்தாலே வாங்கத் தோன்றும். ஆனால் ஜார்ஜ் பிரெட், ராபின் யவுன்ட் ரூக்கி கார்டுகள் பட்ஜெட்டைத் தின்றுவிடும். வண்ண ஓரம் லேசாக உதிர்ந்தாலும் வெள்ளையாகப் பல்லைக் காட்டும். 1971-இன் கறுப்பு ஓரம் இதைவிட மோசம்.

என் ஓட்டு 1976-க்கு. டென்னிஸ் எக்கர்ஸ்லியைத் தவிர மிரட்டும் ரூக்கி யாரும் இல்லை. ஹாங்க் ஆரன் ஆட்டக்காரராக இடம்பெற்ற கடைசி டாப்ஸ் செட் இது. அவர் கார்டு எண் 550. பழைய ஜாம்பவான்கள் வரிசையில் 345-ஆம் எண்ணில் பேப் ரூத்தும் உண்டு. எனக்குப் பிடித்தது 564: கர்ட் பெவாக்குவா பபிள்கம்மை முகத்தை மறைக்கும் அளவுக்கு ஊதிக்கொண்டு நிற்க, அதற்குக் காலிப்பர் வைத்து அளக்கிறார்கள். சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் சந்தோஷம்.

660-க்கெல்லாம் பொறுமை இல்லையா? 1964 டாப்ஸ் ஜெயன்ட்ஸ் பாருங்கள். பெரிய அளவு கார்டுகள், மொத்தம் 60. மேன்ட்டில், கிளெமென்டே எல்லோரும் உண்டு. சாண்டி கோஃபாக்ஸ், வில்லி மேஸ் கார்டுகள் குறைவாக அச்சானவை, சவால் அங்கேதான்.

3. தரத்தை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்

கார்டு உலகில் 'குட்' என்றால் நல்லது என்று நம்பிவிடாதீர்கள். பத்துக்கு இரண்டு மதிப்பெண், அவ்வளவுதான். 'வெரி குட்' மூன்று, 'எக்ஸலன்ட்' ஐந்து. நான்கு, ஐந்து அளவில் நில்லுங்கள்: மூலை கொஞ்சம் மழுங்கியிருக்கும், படம் பளிச்சென்று இருக்கும். செட் முழுக்க ஒரே தரத்தில் இருந்தால்தான் ஆல்பத்தைப் புரட்டும்போது கண்ணை உறுத்தாது.

4. வாங்குங்கள்

முதலில் மொத்த லாட் ஒன்று, அதாவது ஒரே விலைக்குக் கட்டாக விற்கும் கார்டுகள். அப்புறம் நட்சத்திரங்களைத் தனித்தனியாக. நான் முதலில் வாங்கிய லாட்டில் 300 கார்டு என்று போட்டிருந்தது. பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் இரட்டை. எண்களின் பட்டியல் கேட்காதது என் தப்பு. சாதாரண கார்டுகளை ஒன்றொன்றாக வாங்கினால் தபால் செலவு கார்டு விலையைத் தாண்டிவிடும், ஒரே ஆளிடம் இருபது முப்பதாக வாங்குங்கள்.

செட்டில் உள்ள கார்டுகளின் பட்டியல் அச்சிட்ட செக்லிஸ்ட் கார்டுகளை மட்டும் தனியாக விசாரியுங்கள். அன்றைய பிள்ளைகள் அவற்றில் பேனாவால் டிக் போட்டுத் தள்ளியிருப்பார்கள். டிக் இல்லாததற்கு விலை கூடுதல்.

5. கையில் வந்ததும் பாருங்கள்

விளக்குக்கு அடியில் கார்டை மெல்லச் சாய்த்தால், நேராகப் பார்க்கும்போது தெரியாத மடிப்பு ஒரு கோடாக மின்னும். பின்பக்கம் மங்கலான கறை இருந்தால் அது பாக்கெட்டில் கூடவே வந்த பபிள்கம்மின் வேலை. பக்கவாட்டில் சின்னப் பள்ளம் இருந்தால் யாரோ ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார்கள். 1976 கார்டின் அளவு 2½ × 3½ அங்குலம். இன்னொரு கார்டின் மேல் வைத்துப் பார்த்துக் குறைந்தால், ஓரம் வெட்டப்பட்டதா என்று சந்தேகப்படுங்கள். புற ஊதா விளக்கில் அட்டை நீலமாக ஒளிர்ந்தால் பிற்காலக் காகிதமாக இருக்கலாம்.

6. அடுக்குங்கள்

660 கார்டுகளுக்கு ஒன்பது அறை கொண்ட ஆல்பத் தாள்கள் 74 வேண்டும். பி.வி.சி. கலந்த தாள் வேண்டாம், கார்டைக் கெடுக்கும். முதல் நாளே எண் வரிசைப்படி இடம் ஒதுக்கிவிடுங்கள், காலி அறைகளை அப்படியே விடுங்கள். அவற்றின் எண்களைக் கைபேசியில் ஏற்றிக்கொண்டு கார்டு கண்காட்சிக்குக் கிளம்பலாம்.