லேப்டாப் பேட்டரி நீண்ட நாள் உழைக்க: புதியவர்களுக்கான செய்முறை

2021-இல் ஒரு நாள் காலை என் லேப்டாப்பின் டச்பேடை அழுத்தினேன், அது உள்ளே போகவில்லை. தூசி அடைத்திருக்கும் என்று நினைத்தேன். பழுது பார்ப்பவர் அடிமூடியைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது. பேட்டரி அப்பளம் போல உப்பி, டச்பேடை அடியிலிருந்து முட்டிக்கொண்டிருந்தது. வீட்டிலிருந்தே வேலை பார்த்த அந்த ஒன்றரை ஆண்டில் சார்ஜரை நான் கழற்றியதே இல்லை. வெயில் விழும் ஜன்னலோரம்தான் மேசை. பேட்டரியைக் கெடுக்கும் இரண்டு காரியங்களையும் சேர்த்தே செய்திருக்கிறேன். நீங்கள் அதைத் தவிர்க்கத்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு பழைய நம்பிக்கையை விட்டுவிடலாம். "முழுசா காலியாகட்டும், அப்புறம் சார்ஜ் போடுங்க" என்று கடைக்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். நிக்கல்-காட்மியம் பேட்டரிகள் இருந்த காலத்தில் அதற்குக் காரணம் இருந்தது. இன்றைய லேப்டாப்பில் இருப்பது லித்தியம்-அயான். அதற்கு அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகச் சார்ஜ் ஏற்றுவதில் எந்தக் கெடுதலும் இல்லை. இன்று 50 சதவீதம், நாளை 50 சதவீதம் செலவழித்தால் இரண்டும் சேர்ந்துதான் ஒரு சைக்கிள், அதாவது ஒரு முழுச் சார்ஜ் சுற்று என்று கணக்கு.

படி 1: இப்போது பேட்டரி எப்படி இருக்கிறது என்று பாருங்கள்

விண்டோஸ் என்றால், ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி சி, எம், டி என்ற மூன்று எழுத்துகளைத் தட்டி என்டர் கொடுங்கள். ஒரு கறுப்புத் திரை வரும். அதில் 'பவர்' என்ற ஆங்கிலச் சொல்லோடு சி, எஃப், ஜி எழுத்துகளை ஒட்டி எழுதி, ஒரு இடைவெளி விட்டு, வலப்பக்கம் சாய்ந்த கோடு ஒன்று போட்டு, 'பேட்டரி ரிப்போர்ட்' என்பதை இடைவெளியில்லாமல் ஒரே சொல்லாகத் தட்டி என்டர் அழுத்துங்கள். அறிக்கைக் கோப்பு எந்த இடத்தில் சேமிக்கப்பட்டது என்று அதே திரையில் காட்டும். அதை பிரவுசரில் திறந்து இரண்டு எண்களைத் தேடுங்கள்: டிசைன் கெபாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி. முதல் எண் 50,000, இரண்டாவது 38,000 என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் புதிதாக வாங்கியபோது இருந்த கொள்ளளவில் 76 சதவீதம் மிச்சம் இருக்கிறது.

மேக்புக்கில் சிஸ்டம் செட்டிங்ஸுக்குள் பேட்டரி பகுதியிலேயே இது கிடைக்கும். எண்ணைக் குறித்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து ஒப்பிடலாம்.

படி 2: 80 சதவீதத்தில் நிறுத்துங்கள்

இதை மட்டும் செய்தாலே பாதி வேலை முடிந்தது. 100 ஆனதும் சார்ஜ் ஏறுவது தானாகவே நின்றுவிடும், அதற்குப் பிறகு லேப்டாப் பெரும்பாலும் அடாப்டரின் மின்சாரத்தில்தான் ஓடும். ஆகவே 'ஓவர் சார்ஜ்' ஆகி வெடித்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. முழுச் சார்ஜில் பேட்டரிக்குள் இருக்கும் ஒவ்வொரு செல்லும் 4.2 வோல்ட் அளவிலோ அதற்குச் சற்று மேலேயோ நிற்கும். அந்த உயர் மின்னழுத்தத்திலேயே நாள்கணக்கில் இருந்தால் உள்ளே உள்ள மின்பகுதிரவம் (எலக்ட்ரோலைட்) மெல்லச் சிதைகிறது, சில சமயம் வாயுவும் உண்டாகிறது. என் பேட்டரி உப்பியதும் அப்படித்தான்.

இதைத் தடுக்கும் வசதி பெரும்பாலான லேப்டாப்களில் ஏற்கெனவே இருக்கிறது, யாரும் சொல்லித் தருவதில்லை, அவ்வளவுதான். லெனோவோவில் வான்டேஜ் செயலியைத் திறந்து கன்சர்வேஷன் மோடை இயக்குங்கள். அசுஸில் மைஅசுஸ் செயலியின் பேட்டரி பகுதியில் இருக்கும். எச்பி, டெல் கணினிகள் பலவற்றில் பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன்பே திறக்கும் அமைப்புத் திரைக்குள் போக வேண்டும். கணினி தொடங்கும்போது எச்பியில் எஃப்10, டெல்லில் எஃப்2 அழுத்தி, பேட்டரி என்ற பெயர் வரும் பகுதியைத் தேடுங்கள். அங்கே மற்ற எதையும் மாற்ற வேண்டாம். மேக்புக்கில் ஆப்டிமைஸ்டு பேட்டரி சார்ஜிங் இயங்குகிறதா என்று பாருங்கள். அது உங்கள் பழக்கத்தைக் கவனித்து, 80-க்கு மேல் ஏற்றுவதைத் தள்ளிப்போடும்.

உங்கள் கணினியில் இந்த வசதி இல்லையா? 80-ஐ ஒட்டி வந்ததும் பிளக்கை எடுங்கள், 30-க்குப் பக்கத்தில் இறங்கியதும் மறுபடி போடுங்கள். ஒரு சதவீதம் இரண்டு சதவீதம் முன்னே பின்னே ஆனால் கவலைப்பட வேண்டாம்.

படி 3: சூட்டிலிருந்து காப்பாற்றுங்கள்

சூட்டைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மேக்புக்கை 10 முதல் 35 டிகிரி வரையிலான இடத்தில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். வேலூரிலும் மதுரையிலும் மே மாதம் வெளியே 40-ஐத் தாண்டுகிறது; மாடி அறையில் மதியம் எப்படி இருக்கும் என்று நமக்கே தெரியும். அந்தச் சூட்டில் முழுச் சார்ஜோடு லேப்டாப் கிடப்பதுதான் இருப்பதிலேயே மோசமான நிலை. அக்னி நட்சத்திர நாட்களிலாவது 80 வரம்பைக் கட்டாயம் வையுங்கள்.

மெத்தை மேலும் தலையணை மேலும் வைக்காதீர்கள், அடியில் காற்று போகும் துளைகள் அடைபட்டுவிடும். உட்காரும் மணைப்பலகை வீட்டில் இருந்தால் அதன் மேல் வைத்தாலே போதும், கூலிங் பேட் வாங்க வேண்டியதில்லை. வெயிலில் நிறுத்திய காருக்குள் லேப்டாப் பையை விட்டுவிட்டுப் போகாதீர்கள். கேம் விளையாடும்போதும் வீடியோ எடிட் செய்யும்போதும் கணினியே தன் சூட்டை உண்டாக்கும், அப்போது ஃபேன் காற்று படும் இடத்தில் உட்காருங்கள்.

படி 4: எடுத்து வைக்கும்போது

ஒரு மாதத்துக்கு மேல் தொடப்போவதில்லை என்றால் பாதி அளவு சார்ஜோடு அணைத்து, குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். காலியாக விட்டால் மின்னழுத்தம் மிகவும் இறங்கி, மறுபடி சார்ஜே ஏறாமல் போகலாம்.

உப்பினால்

டச்பேட் அழுந்தவில்லை, மூடி சரியாகப் பொருந்தவில்லை, மேசையில் வைத்தால் ஆடுகிறது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் சார்ஜரைக் கழற்றி, கணினியை அணைத்துவிடுங்கள். குத்தவோ அமுக்கவோ கூடாது, தீப்பிடிக்கும். பழுது பார்க்கத் தெரிந்தவரிடம் கொடுத்து பேட்டரியை மாற்றுங்கள். பழைய பேட்டரியைக் குப்பைத்தொட்டியில் போடாமல் மின்கழிவு வாங்கும் இடத்தில் சேருங்கள்.

ஊருக்குப் போகும்போது

ரயிலில் ஆறு மணி நேரம் வேலை இருக்கிறது என்றால் முந்தின இரவே வரம்பை எடுத்துவிட்டு 100 வரை ஏற்றுங்கள். எப்போதாவது ஒரு முறை முழுச் சார்ஜ் ஏற்றுவதால் பேட்டரிக்கு ஒன்றும் ஆகாது. திரும்பி வந்ததும் வரம்பைப் போட மறந்துவிடுவேன் என்பதால், சார்ஜர் ஒயரில் '80' என்று எழுதிய சின்னத் துண்டுச் சீட்டை ஒட்டி வைத்திருக்கிறேன்.