செதுக்கிய பேண்டில் ஜீன்ஸ் நெசவு: பிளெண்டரில் படிப்படியாக

பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் மடிப்பெல்லாம் அழகாகச் செதுக்கி முடித்திருப்பீர்கள், ஆனாலும் பேண்ட் என்னவோ ரப்பரில் வார்த்த மாதிரியே நிற்கும். நெசவு இல்லாததுதான் காரணம். உடனே நெசவு டெக்ஸ்சர் வைத்த பிரஷ்ஷை எடுத்துத் தேய்க்கத் தொடங்கிவிடாதீர்கள். ஜீன்ஸ் துணியில் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 60, 70 பாவு நூல் (துணியின் நீளவாக்கில் ஓடும் நூல்) இருக்கும். ஒரு நூலின் அகலத்துக்கு நான்கு சதுர ஃபேஸ் (மாடலின் பரப்பை உருவாக்கும் சின்னத் தளம்) என்று வைத்தாலே, 10 அங்குல அகலமும் 40 அங்குல நீளமும் உள்ள ஒரு முன்பக்கத் துண்டுக்கு மட்டும் இரண்டு கோடி ஃபேஸ் தாண்டிவிடும். அதனால் மடிப்பையும் தையலையும் செதுக்குவோம், நெசவை மெட்டீரியலில் பம்ப்பாக, அதாவது வடிவத்தை மாற்றாமல் மேடுபள்ளம் போலக் காட்டும் வித்தையாகக் கொடுப்போம்.

முதலில் யூவி, அதாவது மாடலின் பரப்பைத் தட்டையாக விரித்த படம். பாதி வேலை இதுதான், அவசரமே வேண்டாம். மல்டிரெஸ்ஸில் (அடிப்படை வடிவத்தை வைத்துக்கொண்டே நுணுக்கம் கூட்டும் முறை) செதுக்கியிருந்தால் எடிட் மோடில் அடிப்படை மெஷ் (ஃபேஸ்களால் ஆன வலை) மட்டும் தெரியும், அது போதும். ரீமெஷ்ஷில் (மெஷ் முழுவதையும் புதிதாகக் கட்டும் முறை) செதுக்கியவர்கள் ரீடோப்பாலஜி, அதாவது அதன் மேல் எளிய, ஒழுங்கான மெஷ் ஒன்றை அமைக்கும் வேலை, முடித்துவிட்டு வாருங்கள். நிஜ ஜீன்ஸ் ஒன்றைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, அதில் எங்கெல்லாம் துண்டுகளைச் சேர்த்துத் தைத்திருக்கிறதோ அங்கெல்லாம் மார்க் சீம் (மெஷ்ஷை எங்கே வெட்டி விரிப்பது என்ற குறி) கொடுங்கள்: வெளித்தையல், உள்தையல், இடுப்புப் பட்டி, பின்பக்க யோக் (இடுப்புப் பட்டிக்குக் கீழே தைத்த துண்டு). பிறகு அன்ராப் கொடுத்து விரியுங்கள்.

இப்போது யூவி எடிட்டரில் ஒவ்வொரு துண்டையும் நிமிர்த்துங்கள். கால் துண்டுகளில் பாவு மேலிருந்து கீழாக ஓட வேண்டும். இடுப்புப் பட்டியில் அது பெரும்பாலும் இடுப்பைச் சுற்றி ஓடும், எனவே அந்தத் துண்டை 90 டிகிரி திருப்புங்கள். பட்டியும் காலும் சேரும் இடத்தில் நெசவின் சாய்வு சட்டென்று மாறும் பாருங்கள், வெட்டித் தைத்த துணி என்று கண் நம்புவது அங்கேதான். கடைசியாக ஆவரேஜ் ஐலண்ட்ஸ் ஸ்கேல், எல்லாத் துண்டுகளிலும் நெசவு ஒரே அளவில் வர.

அடுத்தது மெட்டீரியல். ட்வில் நெசவின் (ஜீன்ஸில் சாய்வுக்கோடாகத் தெரியும் நெசவு) கருப்பு வெள்ளைப் படம், ஓரம் தெரியாமல் அடுத்தடுத்து டைல் ஆகக்கூடியதாக, ஒன்று வேண்டும். ஷேடர் எடிட்டரில் இமேஜ் டெக்ஸ்சரில் அதைத் திறந்து, கலர் ஸ்பேஸை நான்-கலர் ஆக்கி, பம்ப் நோடின் (நோட் என்பது அங்கே ஒரு வேலையைச் செய்யும் பெட்டி) ஹைட்டில் இணையுங்கள். பம்ப்பின் நார்மல் பிரின்சிபிள்ட் நோடுக்குப் போகட்டும். ஸ்ட்ரெங்த் 0.2, 0.3 போதும், ரஃப்னெஸ் 0.9 பக்கம் இருக்கட்டும்.

அளவுதான் பலருக்கும் தவறும். நெசவு பெரிதாகிவிட்டால் பேண்ட் பொம்மைத் துணி ஆகிவிடும். ஜீன்ஸின் இடுப்புப் பொத்தான் சுமார் 17 மில்லிமீட்டர். அந்த அகலத்துக்குள் 10 சாய்வுக்கோடு அடங்கும்வரை மேப்பிங் நோடில் ஸ்கேலைக் கூட்டுங்கள்.

அப்புறம் ஸ்கல்ப்ட் மோடுக்குத் திரும்பி, டிரா ஷார்ப் பிரஷ்ஷால் தையல் கோட்டை அழுத்தி, கால் மடிப்பு ஓரத்தில் சாய்வான சின்னச் சுருக்கங்களை இழுத்துவிடுங்கள். நீலச் சாயம் ஏறியிருப்பது பாவு நூலில்தான், ஊடை (குறுக்கே ஓடும் நூல்) வெள்ளை. பாவு நூலிலும் சாயம் மேலாகவே நிற்பதால் உரசும் இடம் வெளுக்கும். எனவே முழங்காலிலும் அந்தச் சுருக்கங்களின் மேடுகளிலும் மாஸ்க் (எந்த இடத்தில் மாற்றம் வர வேண்டும் என்று காட்டும் கருப்பு வெள்ளைப் படம்) வரைந்து நீலத்தைக் குறைத்து, அங்கே மட்டும் பம்ப்பையும் கொஞ்சம் தணியுங்கள்.