ஸ்லோ-பிட்ச் சாப்ட்பால்: தரையில் குத்திய பந்தை அடித்தால் என்ன ஆகும்?

பந்தை மெதுவாக, வளைவாகப் போடும் சாப்ட்பால் வகைதான் ஸ்லோ-பிட்ச். இந்த ஆட்டத்தில் பிட்ச்சர் (பந்து போடுபவர்) போட்ட பந்து தரையையோ, பேட்டர் முன்னால் தரையில் பதித்த ஹோம் பிளேட்டையோ தொட்டுவிட்டால் அந்தப் பந்தின் கதை அங்கேயே முடிந்துவிடும். அதன் பிறகு பேட்டர் அதை அடித்தாலும் செல்லாது. வேலியைத் தாண்டி விழுந்தாலும் ஹோம் ரன் இல்லை. ஃபீல்டர் கையில் போய் உட்கார்ந்தாலும் அவுட் இல்லை. அம்பயர் டெட் பால் என்று ஆட்டத்தை நிறுத்திவிட்டு, பேட்டரின் கணக்கில் ஒரு 'பால்' சேர்ப்பார் (பிட்ச்சர் சரியாகப் போடாத பந்துக்கான கணக்கு இது; நான்கு சேர்ந்தால் பேட்டர் முதல் பேஸுக்கு நடந்து போகலாம்). அமெரிக்காவில் 2017 வரை ஏஎஸ்ஏ என்ற பெயரில் இருந்து, இப்போது யுஎஸ்ஏ சாப்ட்பால் என்று இயங்கும் அமைப்பின் விதி இது. இங்கே சொல்வதெல்லாம் அந்த விதிகளை வைத்துத்தான்.

இவ்வளவு எளிய விதியில் ஏன் இத்தனை சண்டை வருகிறது? முதல் காரணம், வேறு ஆட்டத்தின் பழக்கம். பேஸ்பாலில் குத்தி வரும் பந்தைத் தாராளமாக அடிக்கலாம். 2009இல் ஏஞ்சல்ஸ் அணிக்காக ஆடிய விளாடிமிர் கெரேரோ, பால்டிமோர் ஓரியோல்ஸ் அணிக்கு எதிராகத் தரையில் குத்தி எழுந்த பந்தை அடித்து முதல் பேஸுக்குப் போனார்; அது முறையான ஹிட். ஃபாஸ்ட்-பிட்ச் சாப்ட்பாலிலும் குத்திய பந்தை அடிக்கத் தடை இல்லை. கிரிக்கெட் ஆடி வளர்ந்தவர்களுக்கோ பந்து குத்தி வருவதுதான் இயல்பு. இரண்டு முறை குத்தி வந்து நோபால் ஆன பந்தைக்கூட விளாசலாம். அந்தக் கை தன்னால் சுழலத்தான் செய்யும். அதனால் புதிதாக வருகிறவரை 'விதி தெரியாதவர்' என்று ஏளனம் செய்யக் கூடாது. முதல் ஆட்டத்துக்கு முன்பே கேப்டன் அவரிடம் இதைச் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த தவறுதான் ஆட்டத்தின் போக்கையே மாற்றுவது: குத்திய பந்துக்கு மட்டையை வீசினால் ஸ்ட்ரைக் (பேட்டருக்கு எதிரான கணக்கு; மூன்று சேர்ந்தால் அவுட்) என்று நினைப்பது. இங்கே பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று, எது முதலில் நடந்தது? பந்து காற்றில் இருக்கும்போதே பேட்டர் வீசித் தவறவிட்டு, அப்புறம் பந்து பிளேட்டில் விழுந்தால் அது ஸ்ட்ரைக். ஏற்கெனவே இரண்டு ஸ்ட்ரைக் இருந்தால் அவர் அவுட். பந்து முதலில் தரையைத் தொட்டு, பிறகுதான் மட்டை வந்தது என்றால் அந்த வீச்சே இல்லாததுபோல். தீர்ப்பு 'பால்' மட்டுமே.

இதன் விளைவைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மூன்று பால் ஆகியிருக்கிறது. அடுத்த பந்து பிளேட்டுக்கு முன்னால் குத்துகிறது. பேட்டர் ஆசைப்பட்டு அடிக்கிறார். ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு இடையில் நிற்கும் ஃபீல்டர்) அழகாகப் பிடிக்கிறார். பேட்டர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பெஞ்சுக்குத் திரும்புகிறார். உண்மையில் அது நான்காவது பால்! அவர் முதல் பேஸுக்கு நடந்து போக வேண்டியவர். அதேபோல, இரண்டு ஸ்ட்ரைக் ஆன பிறகு ஃபவுல் (எல்லைக் கோட்டுக்கு வெளியே போகும் அடி) அடித்தால் ஸ்லோ-பிட்ச்சில் அவுட். ஆனால் அந்த ஃபவுல் குத்திய பந்தில் வந்திருந்தால் அவுட் கிடையாது. இந்த இரண்டு சூழ்நிலையிலும் தன் உரிமை தெரியாமல் வெளியேறுகிறவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

பிளேட்டின் மேலேயே விழுந்தால் ஸ்ட்ரைக் என்பதும் பரவலான தவறான எண்ணம். ஸ்ட்ரைக் ஜோன், அதாவது பந்து கடந்தால் ஸ்ட்ரைக் ஆகும் பகுதி, காற்றில் இருக்கிறது: பேட்டரின் பின் தோளுக்கும் முன் முழங்காலுக்கும் இடையில், பிளேட்டுக்கு மேலே. பிளேட்டைத் தொட்ட பந்து, பேட்டர் வீசாத பட்சத்தில், பால்தான். சில லீக்குகள் பிளேட்டுக்குப் பின்னால் மேட் விரித்து, அதில் விழும் பந்தை ஸ்ட்ரைக் என்று வைத்திருக்கின்றன. அங்கேயும் விழுந்து எழும் பந்தை அடிக்கலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் லீக்கின் உள்ளூர் விதியை ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

இன்னொரு குழப்பம் 'இல்லீகல்' பந்து. ஸ்லோ-பிட்ச்சில் பந்து வளைந்து ஏறி இறங்க வேண்டும். அதன் உச்சி தரையிலிருந்து 6 அடிக்குக் குறையாமலும் 10 அடிக்கு மிகாமலும் இருக்க வேண்டும். அதை மீறினால் அம்பயர் இல்லீகல் என்று குரல் கொடுப்பார். அப்படிப்பட்ட பந்தை பேட்டர் விட்டுவிட்டால் பால் கிடைக்கும். விரும்பினால் அடிக்கவும் செய்யலாம், அடித்தால் நடப்பது நடந்ததுதான். இதைப் பார்த்துப் பழகியவர்கள், "தப்பான பந்துதானே, அடிக்கிறது என் இஷ்டம்" என்று குத்திய பந்துக்கும் அதே நியாயத்தைக் கொண்டுவருகிறார்கள். அது எடுபடாது. பந்து தரையைத் தொட்டதும் பேட்டருக்கு அந்தத் தேர்வு போய்விடுகிறது.

ரன்னர்களுக்கு: குத்திய பந்தை யாராவது அடித்துவிட்டால் ஓடிக் களைக்க வேண்டாம், பழைய பேஸுக்கே திரும்ப வேண்டியிருக்கும். ஸ்டீல் (பந்தை அடிக்காதபோதே அடுத்த பேஸுக்கு ஓடுவது) அனுமதிக்கும் பிரிவிலும், பந்து பிளேட்டுக்கு முன் குத்திவிட்டால் ஸ்டீல் இல்லை.

ஃபீல்டர்களுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறு. பந்து குத்தியதுபோல் தெரிந்தது என்று நீங்களாகவே தளர்ந்து நிற்காதீர்கள். முதலாவதாக, குத்தியதா இல்லையா என்பது அம்பயரின் முடிவு. அவர் நிறுத்தாத வரை ஆட்டம் உயிரோடு இருக்கிறது. இரண்டாவதாக, டெட் பால் ஆனாலும் மட்டையில் பட்ட பந்தின் வேகம் குறையாது. 50 அடி தூரத்தில் நிற்கும் பிட்ச்சர் கையைத் தொங்கவிட்டு நின்றால் பல் போகும். அம்பயரும் பந்து தரையைத் தொட்ட நொடியிலேயே உரக்கச் சொல்ல வேண்டும். அடித்து முடித்த பிறகு சொல்வதால்தான் பாதி வாக்குவாதம்.

வாக்குவாதம் வந்தேவிட்டால், எதைக் கேட்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். "பந்து குத்தவே இல்லை" என்று புரோட்டெஸ்ட் (முறைப்படியான ஆட்சேபணை) செய்ய முடியாது. அது அம்பயர் கண்ணால் கண்டு சொன்னது. ஆனால் "பந்து குத்தியது, இருந்தாலும் கேட்ச் பிடித்ததால் அவுட்" என்று அம்பயர் சொன்னால் அது விதியைத் தவறாகப் பொருத்தியது. அதற்குப் புரோட்டெஸ்ட் உண்டு. அடுத்த பந்து போடுவதற்கு முன்பே கேப்டன் அதைச் சொல்லிவிட வேண்டும்.