லா லூவியேர் போகிறீர்களா? முதலில் காலண்டரை எடுங்கள்

பெல்ஜியம் போகிறவர்கள் பிரசல்ஸ், ப்ரூஜ் என்று சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பிரசல்ஸிலிருந்து தெற்கே ரயிலில் சுமார் ஒரு மணி நேரம் போனால் லா லூவியேர். நிலக்கரி, இரும்பு, பீங்கான் என்று உழைத்துக் களைத்த ஊர். அழகான ஊர் என்று சொல்லி அனுப்பினால் திட்டு வாங்குவேன். ஆனால் படகையே லிஃப்டில் ஏற்றி இறக்கும் கால்வாய் வேறு எத்தனை ஊரில் இருக்கிறது?

படி 1: தேதி குறியுங்கள்

இங்கே வேஷம் போட்டு ஆடும் கார்னிவல் திருவிழா, ஈஸ்டருக்கு மூன்று வாரம் முன்பு வரும் லேத்தாரே ஞாயிறன்று தொடங்கி செவ்வாய் வரை மூன்று நாள். கணக்கு சுலபம்: ஈஸ்டர் தேதியிலிருந்து 21 நாள் கழியுங்கள். 2027இல் ஈஸ்டர் மார்ச் 28, ஆகவே திருவிழா மார்ச் 7இல் தொடங்கும். சிக்கல் என்னவென்றால், கால்வாய்ப் படகுச் சவாரி வெயில் மாதங்களில்தான். இரண்டும் ஒரே பயணத்தில் கிடைக்காது. முதல் தடவை என்றால் திருவிழாவுக்கே போங்கள். சவாரி இல்லாவிட்டாலும் கால்வாய்க் கரையோரம் நடந்தே லிஃப்டுகளைப் பார்க்கலாம்.

படி 2: ரயிலும் அறையும்

ஊரில் சாந்த்ர், சூத் என்று இரண்டு ஸ்டேஷன். டிக்கெட்டில் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். திருவிழா நாட்களில் அறை கிடைப்பது கஷ்டம். பக்கத்து நகரமான மோன்ஸிலோ பிரசல்ஸிலோ தங்கிவிட்டு வரலாம்.

படி 3: படகு லிஃப்டுகள்

பழைய லிஃப்டுகள் நான்கு. முதலாவது 1888இல் ஹூடெங்-கோயெனீஸில் திறக்கப்பட்டது, உயரம் 15.4 மீட்டர். மற்ற மூன்றும் 1917க்குள் முடிந்தன. 1998இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன.

கிணற்று ராட்டினத்தில் கயிற்றின் இரு முனையிலும் வாளி கட்டியிருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று இறங்க மற்றது ஏறும். இங்கே வாளிக்குப் பதில் இரண்டு இரும்புத் தொட்டிகள், கயிற்றுக்குப் பதில் அடியில் தண்ணீர் அழுத்தத்தில் இயங்கும் பிஸ்டன்கள். மேலே உள்ள தொட்டியில் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் விட்டால் போதும். அது கனத்தில் இறங்க, மற்றது படகோடு மேலே வரும். இன்னொரு வேடிக்கை: படகு உள்ளே நுழையும்போது தன் எடைக்குச் சமமான தண்ணீரை வெளியே தள்ளிவிடுவதால், படகு இருந்தாலும் இல்லாவிட்டாலும் தொட்டியின் எடை ஒன்றுதான்!

அப்புறம் ஸ்ட்ரெப்பி-தியூ. 2002இல் திறந்த ராட்சத லிஃப்ட், ஒரே தூக்கில் 73 மீட்டர். பிரமிப்புதான், ஆனால் என் ஓட்டு பழையவற்றுக்கே.

படி 4: மியூசியங்கள்

திங்களன்று பல இடங்கள் பூட்டியிருக்கும், முன்பே பாருங்கள். போக் பீங்கான் ஆலை இருந்த இடத்தில் கெராமிஸ் மியூசியம். உள்ளே பாட்டில் வடிவத்தில் மூன்று பெரிய சூளைகளை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். நேரம் ஒன்றுக்குத்தான் என்றால் புவா-து-லுக் நிலக்கரிச் சுரங்க மியூசியத்துக்குப் போங்கள். சுரங்கம் 1685இல் தொடங்கி 1973இல் மூடியது. தொழிலாளிகளுக்குக் கம்பெனி கட்டிக்கொடுத்த வீட்டு வரிசைகள் இன்னும் நிற்கின்றன.

படி 5: ஜீல்களும் ஆரஞ்சும்

ஜீல் என்பது வேஷக்காரரின் பெயர். மார்பிலும் முதுகிலும் வைக்கோல் திணித்த உடை, இடுப்பில் மணி, காலில் மரச்செருப்பு, தலையில் நெருப்புக்கோழி இறகுத் தொப்பி. மேளம் இல்லாமல் ஜீல் வெளியே வரமாட்டார். மேளத்துக்கு ஏற்ப மரச்செருப்புகள் கல் தரையில் விழும் சத்தம் அடுத்த தெரு வரை கேட்கும்.

பக்கத்து ஊர் பான்ஷ்தான் ஜீல்களுக்குப் பேர்போனது. அங்கே திருவிழா தவக்காலத்துக்கு முன்பே முடிந்துவிடும். ஆனால் முகமூடி மியூசியம் இருக்கிறது, சூத் ஸ்டேஷனிலிருந்து உள்ளூர் ரயில் உண்டு.

ஊர்வலத்தில் ஜீல்கள் கூடையிலிருந்து ஆரஞ்சு வீசுவார்கள். அது பரிசு. விளையாட்டுக்குக்கூடத் திருப்பி எறியாதீர்கள், அவமரியாதை. தெருவோர ஜன்னல்களுக்கு வலை அடித்திருப்பதே இந்த ஆரஞ்சுக்குப் பயந்துதான். கண்ணாடி போட்டவர்கள் முன்வரிசையைத் தவிருங்கள். கையில் ஒரு துணிப்பை இருக்கட்டும், பழம் நிறையவே சேரும்.