அமெரிக்கப் படிப்புக் கடன்: இனி வேலை செய்ய முடியாதவருக்குத் தள்ளுபடி வாங்குவது எப்படி?

என் பெரியம்மா மகள், அக்கா, கிரீன் கார்டில் போய் நியூ ஜெர்சியில் படித்துக்கொண்டிருந்தபோது பக்கவாதம் வந்தது. வலது கை போனது, பேச்சில் பாதியும் போனது. இப்போது இலங்கையில், டிக்கோயாவில் பெரியம்மாவோடு இருக்கிறார். பெரியம்மா தோட்டத்தில் கொழுந்து பறித்துச் சேர்த்த ஈ.பி.எஃப். பணத்தை எடுத்து, மாதாமாதம் அந்தப் படிப்புக் கடனைக் கட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அது தெரியவே ஒரு வருடம் ஆனது. கட்டத் தேவையே இல்லாத கடன்! இன்னொரு வீட்டில் இப்படி நடக்கக்கூடாது, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அமெரிக்க அரசாங்கம் கொடுத்த படிப்புக் கடனை, நிரந்தரமாக வேலை செய்ய முடியாமல் போனவருக்கு அந்நாட்டுக் கல்வித் திணைக்களமே தள்ளுபடி செய்கிறது. ‘டோட்டல் அண்ட் பெர்மனன்ட் டிஸபிலிட்டி டிஸ்சார்ஜ்’, சுருக்கமாக டி.பி.டி. விண்ணப்பிக்க ஒரு சதமும் கட்டணம் இல்லை. முடித்துத் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். (நம் நாட்டு வட்டியில்லாக் கடனுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அதற்கு, கடன் தந்த வங்கியிடம்தான் கேட்க வேண்டும்.)

படி 1: என்ன கடன் என்று பாருங்கள்

ஸ்டூடன்ட் எய்ட் டொட் கவ் தளத்தில் கடன் வாங்கியவரின் கணக்கைத் திறந்தால், அரசாங்கக் கடன்கள் எல்லாம் அங்கே இருக்கும். டிரெக்ட் லோன், எஃப்.எஃப்.இ.எல்., பெர்கின்ஸ் மூன்றுக்கும் டி.பி.டி. உண்டு. தனியார் வங்கிக் கடனுக்குக் கிடையாது. பிள்ளைக்காகத் தாயோ தகப்பனோ எடுத்த பேரன்ட் பிளஸ் கடன் என்றால், கடன் எடுத்த பெற்றோருக்கு இயலாமை இருக்க வேண்டும். பிள்ளைக்கு இருப்பது போதாது.

கணக்கைத் திறக்க ஒரு குறியீட்டு எண் வரும். அது பழைய அமெரிக்க நம்பருக்குப் போனால் இங்கே உட்கார்ந்து ஒன்றும் செய்ய முடியாது. அந்த சிம் உயிரோடு இருக்கும்போதே இமெயிலுக்கு மாற்றிவிடுங்கள்.

படி 2: விண்ணப்பிக்கப் போகிறோம் என்று முதலில் சொல்லுங்கள்

பலர் விட்டுவிடுவது இதைத்தான். விண்ணப்பிக்கப் போவதாகக் கல்வித் திணைக்களத்துக்குத் தெரிவித்தாலே, 120 நாட்களுக்குக் கடன் வசூலை நிறுத்திவைப்பார்கள். பத்திரம் தேட அந்த அவகாசம் போதும்.

போனில் பேசுவதென்றால் நியூயோர்க்கில் காலை 9 மணி நமக்கு மாலை 6.30. அவர்களுடைய குளிர்காலத்தில் 7.30. அக்காவால் போனில் பேச முடியாது. அதனால் அவருக்குப் பதிலாக நான் பேசுவதற்குப் பிரதிநிதிப் படிவம் ஒன்று நிரப்பினோம். அதில் அக்கா கையெழுத்துப் போட வேண்டும். என் மகனின் சித்திரக் கொப்பியில் இரண்டு பக்கம் இடது கையால் எழுதிப் பழகிவிட்டு, அப்புறம்தான் படிவத்தில் போட்டார்.

படி 3: மூன்று வழியில் உங்கள் வழி எது?

அமெரிக்க இராணுவத்தில் இருந்தவர் என்றால், முன்னாள் படைவீரர் திணைக்களத்தின் கடிதம் போதும். படைச் சேவையால் வந்த 100 வீத இயலாமை, அல்லது அதனால் வேலைக்குப் போக முடியாது என்று அதில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, சோஷியல் செக்யூரிட்டி எனும் அமெரிக்க சமூகப் பாதுகாப்பு நிறுவனம். இயலாதவருக்கு அது தரும் எஸ்.எஸ்.டி.ஐ. அல்லது எஸ்.எஸ்.ஐ. உதவிப் பணம் கிடைத்தவர் அந்தக் கடிதத்தை வைத்து விண்ணப்பிக்கலாம். ஆனால் உதவி கிடைத்தது மட்டும் போதாது. அடுத்த மருத்துவ மீளாய்வு 3 வருடத்தில், அல்லது 5 முதல் 7 வருடத்தில் என்று குறித்திருக்க வேண்டும். அல்லது இயலாமை தொடங்கி 5 வருடமாவது ஆகியிருக்க வேண்டும். அந்த நிறுவனத்திடம் பி.பி.கியூ.வை. என்ற அறிக்கையைக் கேட்டு வாங்கினால் மீளாய்வு விபரம் அதில் இருக்கும். இந்த வழியில் தகுதியானவர்களை கல்வித் திணைக்களமும் சோஷியல் செக்யூரிட்டியும் தரவுகளை ஒப்பிட்டுத் தாமே கண்டுபிடிப்பதும் உண்டு. ஆகவே பழைய அமெரிக்க விலாசத்துக்குக் கடிதம் வந்து கிடக்கிறதா என்று அங்கே இருக்கும் சொந்தக்காரரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அக்காவுக்கு இரண்டும் இல்லை. மூன்றாவது வழி, டொக்டரின் கையெழுத்து.

படி 4: டொக்டர் நிரப்பும் பக்கம்

இங்கேதான் நான் மூன்று மாதத்தைத் தொலைத்தேன். இங்குள்ள விசேட வைத்திய நிபுணரிடம் போய், அக்காவின் நிலையை மிக அழகாக விளக்கிய ஒரு கடிதம் வாங்கி அனுப்பினேன். ஏற்கவில்லை. எவ்வளவு பெரிய டொக்டராக இருந்தாலும், அமெரிக்க மாநிலம் ஒன்றில் வைத்தியம் செய்ய அனுமதி உள்ளவர்தான் கையெழுத்திட வேண்டும். 2023 ஜூலையிலிருந்து நர்ஸ் பிரக்டிஷனர், ஃபிஸிஷியன் அசிஸ்டன்ட், தனித்துப் பணிசெய்ய அனுமதி பெற்ற உளவியலாளர் ஆகியோரும் போடலாம்.

சரி, என்ன செய்தோம்? அக்காவுக்கு அங்கே முதலில் சிகிச்சை தந்த டொக்டருக்கே இமெயில் போட்டோம். நம் நிபுணரின் கடிதமும் ஸ்கேன் அறிக்கையும் அப்போது உதவின. அவற்றைப் படித்துத்தான் அவர் படிவத்தை நிரப்பினார். ஆகவே இங்கே உள்ள டொக்டரிடமும் கடிதம் வாங்கி வையுங்கள், படிவத்தை மட்டும் அவரிடம் நீட்டாதீர்கள்.

சம்பளத்துக்குரிய வேலை எதையும் கணிசமாகச் செய்ய முடியாது, அந்த நிலை 60 மாதம் தொடர்ந்து இருந்திருக்கிறது, அல்லது 60 மாதம் நீடிக்கும், அல்லது மரணத்தில் முடியலாம் என்று டொக்டர் உறுதிசெய்ய வேண்டும். நோயின் பெயரைச் சுருக்கி எழுதக்கூடாது, காப்புறுதிக் குறியீட்டு எண்களும் கூடாது. எங்காவது வெட்டி எழுதினால், வெட்டிய இடத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும். அக்காவின் படிவத்தில் ஒரு திகதியைத் திருத்திவிட்டு ஒப்பம் போட மறந்துவிட்டார். ஹட்டன் கொமியூனிகேஷன் கடையில் பிரிண்ட் எடுத்துப் பார்த்தபோது கண்ணில் பட்டது, திருப்பி அனுப்பி வாங்கினேன்.

கையெழுத்திட்ட நாளிலிருந்து 90 நாட்களுக்குள் படிவம் திணைக்களத்துக்குப் போய்ச் சேர வேண்டும். தபாலை நம்பாமல் ஸ்கேன் பண்ணித் தளத்திலேயே ஏற்றிவிடுங்கள்.

படி 5: தள்ளுபடி ஆன பிறகு

டொக்டர் வழியிலோ சோஷியல் செக்யூரிட்டி வழியிலோ தள்ளுபடி கிடைத்தவர், அடுத்த 3 வருடத்துக்குப் புதிதாக அமெரிக்க அரசாங்கப் படிப்புக் கடனோ ஆசிரியராகப் படிப்பவருக்குத் தரும் டீச் கிராண்ட் உதவியோ எடுக்கக்கூடாது. எடுத்தால் பழைய கடன் உயிர்பெற்று வந்துவிடும். வருமானத்தைக் கண்காணிக்கும் பழைய விதி 2023 ஜூலையோடு போய்விட்டது, ஆகவே சின்னதாக ஏதாவது சம்பாதித்தால் கடன் திரும்பிவிடுமோ என்று பயப்பட வேண்டாம்.

வசூலை நிறுத்திவைத்த பிறகும் பெரியம்மா பயத்தில் இரண்டு மாதம் கட்டியிருக்கிறார். டொக்டர் கையெழுத்திட்ட நாளுக்குப் பிறகு கட்டியவை என்பதால் அந்த இரண்டு தவணையும் திரும்பி வந்தன. அதற்கு முந்தைய ஒரு வருடப் பணம் வராது.